மூடி இருந்த மிஷின்

மரியே வாழ்க

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
12.6.1997

அன்புள்ள அக்காவுக்கு ராயப்பன் எழுதுவது.

நான் சுகம். நீயும் மச்சானும் ரூபியும் அங்கே சுகமாக இருக்கிறீர்களா? நாளை அந்தோணியார் திருநாள். உன் பெயருக்கும் ஒரு மெழுகுதிரி வைப்பேன். போனில் பேச முடிகிற தம்பியாக இருந்தால் உனக்கு இவ்வளவு படிக்கிற வேலை இருக்காது. பொறுத்துக்கொள்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நத்தம் பக்கம் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எழுபது பெஞ்சு செய்ய ஆள் தேடுகிறார்கள். நான் செய்து கொண்டுபோன மாதிரி பெஞ்சு மதருக்குப் பிடித்துவிட்டது. "ஆறு மாதத்தில் முடியுமா?" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் முடியாது என்று தெரிகிறது. இழைப்புளியைக் கையில் பிடித்து ஒரு மாம்பலகையை இரண்டு பக்கமும் மட்டமாக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. பலகை முறுக்கிக்கொண்டு இருந்தால் இன்னும் கூட. என் தோள் தாங்காது. அதனால் பிளேனர் மிஷின் வாங்க நினைக்கிறேன்.

அதில் மூன்று தினுசு உண்டு. ஒன்று, இழைப்புளி மாதிரியே கையில் பிடித்து ஓட்டுகிற கரண்டு மிஷின். அடுத்தது மேசை மாதிரி இருக்கும். நடுவில் பிளேடு வைத்த உருளை சுற்றும், பலகையை மேலே தள்ளிக்கொண்டு போனால் ஒரு பக்கம் மட்டமாகும். இன்னொன்றில் அந்த வேலையும் ஆகும். அதே பலகையைக் கீழே நுழைத்தால் மறுபக்கத்தையும் இழைத்து, எல்லாப் பலகையையும் ஒரே கனத்தில் வெளியே தள்ளும். எனக்கு வேண்டியது அதுதான். பன்னிரண்டு அங்குலம் போதும். நம் வீட்டில் சிங்கிள் பேஸ் கரண்டு. அதில் ஓடுமா என்று கோயமுத்தூர்க் கடைகளில் கேட்டு எழுது. உருளைக்கு மேலே மூடி இருக்கிறதா என்றும் கேள்.

நானே வந்து கேட்கலாம். ஆனால் நான் எழுதிக் காட்டினால் கடைக்காரர்கள் தாளைப் பார்ப்பதில்லை, என் காதைப் பார்க்கிறார்கள். போன மாதம் மதுரையில் ஒருவர், "கூட யாரும் வரலையா?" என்று கேட்டார். உதடு தெளிவாகத் தெரிந்தது.

மிஷின் வந்தால் இன்னொரு நல்ல காரியமும் நடக்கும். அதை அப்புறம் எழுதுகிறேன்.

அன்புத் தம்பி,
ராயப்பன்


சேசு மரி சூசை

கோயமுத்தூர்
5.7.1997

அன்புத் தம்பி ராயப்பனுக்கு அக்கா அமலராணி எழுதிக்கொள்வது.

உன் கடிதம் கிடைத்து சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். ரூபி ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கடையில் வாங்கின குழம்பையே மூன்று வேளைக்கும் ஊற்றாதே.

நீ கேட்ட மிஷினை டவுன்ஹால் பக்கம் இரண்டு கடையில் விசாரித்தேன். பன்னிரண்டு அங்குலம் த்ரீ பேஸ் கரண்டில்தான் ஓடுமாம். சிங்கிள் பேஸுக்கு இப்போது யாரும் செய்வதில்லையாம். கையில் பிடிக்கிற மிஷினே உனக்குப் போதும் என்று எனக்குப் படுகிறது.

இரண்டு மாதமாக எனக்கு ஆஸ்பத்திரியில் கை வார்டில் வேலை. மில், ஒர்க் ஷாப், மரக்கடை என்று நாளுக்கு ஒருவராவது வந்துவிடுகிறார்கள். போன வாரம் வந்தவனுக்கு இருபத்துநாலு வயது. "பலகை கொஞ்சம் நழுவுச்சு சிஸ்டர், அம்புட்டுத்தான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இருந்தான். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

நேற்று எங்கள் பங்குக் கோயிலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை உன் பள்ளிக்கூடத்தில் படித்தவராம். பெண்ணுக்கும் காது கேட்காது. எல்லாரும் கைதட்டி வாழ்த்தினார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளை அழுதால் யார் எழுந்திருப்பார்கள்? உனக்கு நல்லபடியாகக் காது கேட்கிற பெண்ணாக நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அவசரப்படாதே.

பிரியமுள்ள அக்கா,
அமலராணி


மேட்டுப்பட்டி
28.7.1997

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ கடை ஏறி இறங்கி விசாரித்ததற்கு நன்றி. த்ரீ பேஸுக்கு மின்வாரியத்தில் எழுதிப்போட்டால் வீட்டுக்குத் தருவார்களா என்று தெரியவில்லை. அதனால் மதுரைக்குப் போய்க் கையில் பிடிக்கிற மிஷினையே வாங்கிவிட்டேன். கதவுச் சட்டம், நிலைச் சட்டம் எல்லாம் வழவழவென்று வருகிறது. ஆனால் பெஞ்சுப் பலகைக்கு அது ஆகாது. மூன்றேகால் அங்குல அகலம்தான் இழைக்கும். பத்து அங்குலப் பலகையில் நாலு தடவை ஓட்டினால் நடுவே மூன்று வரப்பு நிற்கிறது. பலகை முடிகிற இடத்தில் மிஷின் தலை சாய்ந்து பள்ளம் விழுகிறது. கனமும் ஒன்றுபோல வருவதில்லை. கடைசியில் பழைய இழைப்புளியை எடுத்துத்தான் சரிசெய்கிறேன்.

ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். பிளேடு மழுங்கினால் மணிக்கட்டில் நடுக்கம் வேறு மாதிரி வருகிறது. பார்க்காமலே தெரிகிறது.

நீ எழுதிய கல்யாண விஷயத்தைப் படித்தேன்.

அன்புடன்,
ராயப்பன்


மரியே வாழ்க

மேட்டுப்பட்டி
9.11.1997

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? மழையில் ரூபிக்குச் சளி என்று எழுதியிருந்தாய், இப்போது தேவலையா? கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளை அடித்தேன். நிலக்கோட்டையிலிருந்து ஒரு கூடை மல்லிகை வந்தது. கொடுத்தவர்கள் காசு வாங்கவில்லை. யார் என்று பிறகு சொல்கிறேன்.

நல்ல செய்தி, அக்கா. மிஷின் கிடைத்துவிட்டது. நத்தம் சாலையில் மரக்கடை வைத்திருக்கிற பீர் முகமது பாயை உனக்குத் தெரியும், அப்பாவுக்கு மரம் கொடுத்தவர். அவர் பதினெட்டு அங்குலத்தில் பெரிய மிஷின் இறக்குகிறார். பழைய பன்னிரண்டு அங்குலத்தை எனக்குத் தருகிறேன் என்றார். நான் கேட்ட அதே தினுசு, மேலேயும் கீழேயும் இழைக்கிறது. த்ரீ பேஸ் மோட்டாரைக் கழற்றிவிட்டு சிங்கிள் பேஸ் மோட்டார் வைக்கலாம், பெல்ட் சக்கரத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் விசாரித்துவிட்டேன். உருளைக்கு மேலே இரும்பு மூடி இருக்கிறது. பலகை வந்தால் விலகும், போனதும் தானே மூடிக்கொள்ளும். அதைக் கேட்டு உனக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

பாய்க்குத் தாடி அடர்த்தி, உதடு பிடிபடாது. அதனால் சாக்பீஸால் பலகையில் எழுதுவார். மேசையில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். மிஷின் ஓடும்போது கை வைத்தேன். தண்ணீர் நிறைந்த அண்டாவைத் தொட்ட மாதிரி ஒரே சீராக இருந்தது. "பிடிச்சிருக்கா?" என்று எழுதினார். நான் அதன் கீழேயே, "இது எனக்குத்தான்" என்று எழுதினேன். சிரித்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஜனவரியில் மிஷின் ஓட வேண்டும். தவக்காலத்துக்கு முன்னால் எனக்கு ஒரு தேதி இருக்கிறது. மதரும் பொங்கல் வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

அன்புத் தம்பி,
ராயப்பன்


கோயமுத்தூர்
16.11.1997

நத்தம் சாலை மரக்கடை பீர் முகமது பாய் அவர்களுக்கு, மேட்டுப்பட்டி ஆசாரி சவரிமுத்துவின் மகள் அமலராணி வணக்கத்துடன் எழுதுவது.

நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். அப்பா இருந்த காலத்தில் உங்கள் கடைக்கு நானும் வந்திருக்கிறேன். உங்களுக்கு நினைவு இருக்காது.

என் தம்பி ராயப்பனுக்குப் பழைய பிளேனர் மிஷினைத் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அண்ணன் மாதிரி நினைத்துக் கேட்கிறேன், தயவுசெய்து அதை அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து அவனுக்குக் காது போனது. அன்றைக்கு அவன் பக்கத்தில் இருந்தது நான்தான். கூப்பிட்டேன், அவன் திரும்பவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கு என்று இருப்பது அவன் ஒருவன். நான் கை வார்டில் வேலை பார்க்கிற நர்ஸ். அறுந்த விரலைப் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கேட்கிற காது உள்ளவர்களுக்கே அந்தக் கதி. இவனுக்குக் கையும் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? பேச்சும் எழுத்தும் அவனுக்குக் கையில்தான் இருக்கிறது.

கோயமுத்தூர்க் கடையில் அவன் கேட்ட மிஷின் இருந்தது. இல்லை என்று நான்தான் எழுதினேன். உங்களிடம் மறைக்கவில்லை. நீங்களும் அப்படி ஒரு காரணம் சொல்லிவிடுங்கள். வேறு யாரோ முந்திக்கொண்டார்கள் என்றால் நம்புவான். இந்தக் கடிதத்தை அவனுக்குக் காட்ட வேண்டாம்.

உங்களை நம்பியிருக்கும்,
அமலராணி


மேட்டுப்பட்டி
28.12.1997

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. நீ அனுப்பிய கேக் உடையாமல் வந்தது. மச்சானுக்கும் ரூபிக்கும் என் அன்பைச் சொல்.

மிஷின் கிடைக்கவில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். வண்டியோடு போன நான் வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். பாய் பலகையில் எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதி முடித்து உடனே கையால் அழித்துவிட்டார். பத்து வருடமாகத் தெரிந்த மனிதர். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

மதரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். பாவம், அவரும் எவ்வளவு நாள் பொறுப்பார்? பெஞ்சு வேலை மதுரைப் பட்டறைக்குப் போய்விட்டது. நான் வரும் மூன்றாம் தேதியிலிருந்து பழனி ரோட்டில் ஒரு மரப்பட்டறைக்குக் கூலிக்குப் போகிறேன்.

தேதி இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அது இனி இல்லை. அதைப் பற்றிக் கேட்காதே.

ராயப்பன்


சேசு மரி சூசை

கோயமுத்தூர்
11.1.1998

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

பொங்கல் வாழ்த்து. உனக்கு ஒரு சட்டையும் ரூபி கையால் செய்த வாழ்த்து அட்டையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

மிஷின் போனதற்கு வருந்தாதே. எல்லாம் நல்லதுக்குத்தான் என்று எடுத்துக்கொள். பட்டறையில் நாலு பேரோடு வேலை செய்வதுதான் உனக்கும் துணை. அங்கே உனக்கு என்ன வேலை? பாலிஷ் போடுகிற வேலை, மூட்டு சேர்க்கிற வேலை கேட்டு வாங்கிக்கொள்.

எங்கள் பங்கில் ஒரு பெண் இருக்கிறாள். டெய்லரிங் தெரியும். குணசாலி. உன்னைப் பற்றிச் சொன்னதில் சம்மதிக்கிற மாதிரி தெரிகிறது. இத்துடன் போட்டோ வைத்திருக்கிறேன்.

என்ன தேதி என்று நீ கேட்காதே என்றாலும் கேட்கிறேன். என்னிடம் சொல்லாத விஷயமா?

அக்கா,
அமலராணி


மேட்டுப்பட்டி
14.6.1998

அக்காவுக்கு,

நலம். பதில் எழுத ஐந்து மாதம் ஆகிவிட்டது, வேலைதான் காரணம். சட்டை அளவாக இருக்கிறது. காய்ச்சல் ஒன்றும் வரவில்லை. வீட்டு ஓடு மாற்றிவிட்டேன். பட்டறையில் பாலிஷ் வேலைதான். சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே மெஸ் இருக்கிறது. சோறு நன்றாக இருக்கிறது, வெஞ்சனம்தான் தினமும் கத்திரிக்காய்.

போட்டோவை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். நல்ல பெண்ணாகத் தெரிகிறாள். வேறு இடம் பார்க்கச் சொல்.

ராயப்பன்


மேட்டுப்பட்டி
22.1.2002

அக்காவுக்கு ராயப்பன் எழுதுவது.

நீங்கள் சுகமாக இருங்கள். நானும் இருக்கிறேன்.

பீர் முகமது பாய் இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகிறார். போன ஞாயிறு ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். போனேன். வயதாகிவிட்டது. சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதினார்: "தம்பி, ஹஜ்ஜுக்குப் போறேன். ஒனக்கு ஒரு பொய் சொன்னேன். மாப்பு வாங்காமப் போனா என் பயணம் கூடாது." பிறகு அலமாரியைத் திறந்து ஒரு கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

கவரைப் பார்த்ததும் உன் கையெழுத்து என்று தெரிந்தது. எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தந்த கையெழுத்து ஆயிற்றே. அங்கேயே நின்று இரண்டு முறை படித்தேன். பாய் அழுதார். நான் அவர் கையைப் பிடித்து, போய்விட்டு வாருங்கள் என்று காட்டினேன். அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவர் நாலு வருடம் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டிருக்கிறார். நீ இதற்குள் மூன்று முறை இங்கே வந்தாய். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்.

அந்தத் தேதி என்ன என்று கேட்டாயே, இப்போது சொல்கிறேன். நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் விண்ணரசி என்று ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். அவளுக்கும் கேட்காது. பூ மார்க்கெட்டில் கூடை கட்டுகிற வேலை. நாங்கள் மூன்று வருடம் கடிதம் எழுதிக்கொண்டோம். அவள் அப்பா என்னிடம், "சொந்தமா மிஷினப் போட்டு ஒக்காருங்க மாப்ள, தவக்காலத்துக்கு முந்தி கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிரலாம்" என்றார். மெதுவாகப் பேசினார், எனக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. கல்லறைக்குப் பூக்கூடை கொடுத்தது அவர்தான். மிஷின் இல்லை, பெஞ்சு வேலையும் இல்லை, கூலிக்குப் போகிறேன் என்றதும் அவர் யோசித்தார். தங்கச்சிகள் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்றார். அடுத்த ஆவணியில் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று.

உன்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இருந்தேன். பிள்ளை அழுதால் யார் எழுந்திருப்பார்கள் என்று நீ எழுதினாய். அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல வரவில்லை. மிஷினைப் போட்டு, நின்று காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அது என் தப்பு.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நாலு வருடமாக இந்தப் பட்டறையில் பிளேனர் மிஷினில்தான் நிற்கிறேன். உன்னிடம் பாலிஷ் வேலை என்று பொய் சொன்னேன். பதினெட்டு அங்குலம். அதற்கு மூடி கிடையாது, எப்போதோ கழற்றி எறிந்துவிட்டார்கள். நீ நிறுத்திய மிஷினுக்கு மூடி இருந்தது.

எனக்கு ஒரு கீறலும் இல்லை. விரல் போனது பேச்சிமுத்துவுக்கு. நன்றாகக் காது கேட்கிறவன். பலகையைத் தள்ளிக்கொண்டு இருந்தபோது வாசலில் யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தான். பிளேடு மழுங்கினால் எனக்குப் பாதத்தில் தெரியும், பெல்ட் தளர்ந்தால் மேசையில் தெரியும். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் பிளேடு மாற்றுகிறார்கள். உனக்கு இது தெரியாது. நீ என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கடிதத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

ராயப்பன்


கோயமுத்தூர்
3.2.2002

என் தம்பி ராயப்பனுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதற்கு மேல் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. டவுன்ஹால் கடையில் நீ கேட்ட மிஷின் வாசலிலேயே இருந்தது. சிங்கிள் பேஸ்தான். கடைக்காரர் ஓட்டிக் காட்டினார். இந்தச் சத்தம்கூட இவனை எச்சரிக்காதே என்று நினைத்தேன். உன் கை எனக்குக் கட்டுப் போட்ட கையாகவே தெரிந்தது. "இதத் தாராளமா வீட்டுல வச்சு ஓட்டலாம்க்கா, மூடியெல்லாம் பக்காவா இருக்கு" என்று அவர் சொன்னார். வீட்டுக்கு வந்து, இல்லை என்று எழுதினேன்.

உன் மச்சான் அன்றைக்கே கேட்டார். "ஏம்மா, அவன் முப்பது வயசு ஆம்பள. தன் கையத் தான் பாத்துக்க மாட்டானா?" நான் சண்டை போட்டேன். "நீங்க வார்டுக்கு வந்து ஒரு நாள் நில்லுங்க, அப்பத் தெரியும்" என்றேன். பாய்க்கு எழுதியது அவருக்கும் தெரியாது. நேற்றுத்தான் சொன்னேன். கேட்டுவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வார்டில் வருகிறவர்களைத்தான் நான் பார்த்தேன். வராதவர்கள் எத்தனை பேர், எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. உனக்குக் கேட்காமல் போன அன்று உன்னைக் காப்பாற்ற முடியவில்லை. அதிலிருந்து எல்லாவற்றிலும் காப்பாற்றிக்கொண்டே இருந்தேன். உனக்கு ஏழு வயது முடிந்ததையே நான் பார்க்கவில்லை.

விண்ணரசியைப் பற்றி என்ன எழுதுவது? ஒரு கல்யாணத்தைப் பார்த்து நான் எழுதிய ஒற்றை வரி. எழுதி மறந்தும் போனேன். நீ மறக்காமல் இருந்திருக்கிறாய்.

இத்துடன் ஒரு டிராஃப்ட் வைத்திருக்கிறேன். நல்ல மிஷினாக நீயே பார்த்து வாங்கு. பதில் போடு, ராயப்பா. திட்டியாவது எழுது.

அமலராணி


கோயமுத்தூர்
18.8.2002

அன்புத் தம்பிக்கு,

ஆறு மாதம் ஆகிவிட்டது. தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறேன். நீ உடம்போடு நலம் என்று மேட்டுப்பட்டியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அது போதும் என்று இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு ஊருக்கு வந்தவள் நம் வீட்டுக்கு வரத் துணிவில்லாமல் நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். பூ மார்க்கெட்டில் விசாரித்ததும் காட்டினார்கள். நான் யார் என்று சொல்லவில்லை. அரைக்கிலோ மல்லிகை வாங்குகிற ஆளாக நின்றேன்.

கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மும்முரமாகக் கட்டிக்கொண்டு இருந்தாள். பின்னால் சாக்கில் ஒரு வயதுப் பெண் குழந்தை தூங்கியது. அவள் ஒரு காலைப் பின்னால் நீட்டி, பாதத்தைக் குழந்தை மேல் லேசாக வைத்திருந்தாள். குழந்தை உதட்டைப் பிதுக்கியது. அழுகைச் சத்தம் என் காதுக்கு வருவதற்குள் அவள் திரும்பி அதைத் தூக்கிவிட்டாள். பக்கத்துக் கடை அம்மாள் சொன்னார், "புருசனுக்கும் காது கேக்காது. மூத்தவன் பால்வாடி போறான். ஒரு கொறையும் இல்ல."

பூவை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பஸ் போயிற்று என்று தெரியாது. அது உன் வீட்டில் நடந்திருக்க வேண்டிய காரியம்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. பார்த்ததை உனக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதினேன். இனி எதையும் உனக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அமலராணி


மேட்டுப்பட்டி
27.4.2003

அன்புள்ள அக்காவுக்கு ராயப்பன் எழுதுவது.

பாஸ்கா முடிந்து ஒரு வாரம் ஆகிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக. ரூபி பத்தாவது பரீட்சை நன்றாக எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

உன் இரண்டு கடிதமும் வந்தது. நீ நிலக்கோட்டைக்குப் போயிருக்க வேண்டாம். அவளுக்கு இனி நம்மால் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் குழந்தையைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தைப் பலமுறை படித்தேன்.

பட்டறையை விட்டு நின்றுவிட்டேன். வீட்டிலேயே மிஷின் போட்டாயிற்று. இரண்டு முறை கோயமுத்தூர் வந்தேன், தனியாக. உன் தெரு வழியாகத்தான் பஸ் போனது. இறங்கவில்லை.

மூன்று மிஷின் பார்த்தேன். விலை குறைந்த ஒன்றின் மேசையில் இரும்பு ஸ்கேலை நிறுத்திவைத்துப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரிந்தது. மேசையே மட்டம் இல்லாத மிஷின் பலகையை எப்படி மட்டமாக்கும்? அடுத்ததில் இரண்டு பிளேடு. மரத்து நார் எதிர்த்து வருகிற இடத்தில் பிய்த்துவிட்டது. மூன்றாவதை எடுத்தேன். பதின்மூன்று அங்குலம், மூன்று பிளேடு, சிங்கிள் பேஸ், இரண்டு குதிரைசக்தி மோட்டார். மூடி ஸ்பிரிங்கில் தானே வந்து உட்காருகிறது. கடைக்காரர் சின்ன வயசுக்காரர். நான் எழுதிக் கொடுத்த தாளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

பின்கட்டில் சிமெண்ட் மேடை கட்டி நிறுத்தியிருக்கிறேன். இப்போது ஒரு வீட்டுக்கு ஒன்பது கதவு வேலை நடக்கிறது. வேலை நன்றாக வருகிறது. சாயங்காலம் மிஷினை நிறுத்திவிட்டுச் சீவலைக் கூட்டும்போதுதான், இது ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டியது என்று தோன்றும். முப்பத்தேழு வயதாகிவிட்டது, அக்கா. யாரும் பெண் கொண்டுவரவில்லை. நானும் தேடவில்லை.

உன் டிராஃப்ட் காலம் கடந்துபோய்விட்டது. இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். ரூபியின் படிப்புக்கு ஆகட்டும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். கோபம் என்று எழுதினாலும் அது இப்போது உண்மை இல்லை. எழுத வருகிற வரைக்கும் காத்திருந்தால் இன்னும் ஒரு வருடம் போய்விடும். அதனால் வராமலே இதை எழுதுகிறேன்.

லீவு விட்டதும் ரூபியை அழைத்துக்கொண்டு வா. மச்சானையும் கூப்பிடு. பின்கட்டுக் கதவு திறந்துதான் இருக்கும். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். நீ எப்போதும் என்னைத் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவாய். மிஷின் ஓடும்போது அப்படித் தொடாதே. பலகை பாதியில் இருக்கும். வாசலிலேயே நில். கொஞ்ச நேரம் ஆனாலும் நில். பலகை முழுக்க வெளியே வந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு நானே திரும்புவேன்.

இப்படிக்கு,
உன் தம்பி ராயப்பன்